குடைக்கு ஐந்து மதிப்பெண்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, விடைத்தாள் திருத்தும் கூடத்தில், பேரம் டீச்சர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரக்குக்கு விலை சொல்லத் தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேரம் டீச்சர் என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேரேதான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். துணிக்கடைக் குடும்பம். துணி கிழிபடும் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். அவள் ஆங்கில ஆசிரியை ஆனபோது அண்ணன்மார் இருவரும் நல்ல வாய் ஒன்று கடைக்கு வராமல் போயிற்றே என்று ஒரு வாரம் மனசு விட்டுப் பேசவில்லை. அவர்கள் கவலைப்பட்டிருக்க வேண்டாம். வாய் எங்கே போனாலும் கூடவேதான் போகிறது.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்வு அது. இரண்டு பகுதி. முதலில் ஒரு கதையை அச்சடித்துக் கொடுத்து, படித்துப் பதில் எழுதச் சொல்வார்கள், அதற்கு முப்பது. அப்புறம் பிள்ளைகளே ஒரு கதை எழுத வேண்டும், அதற்கு இருபது. ஐம்பதுக்கு இருபது வாங்கினால் தேர்ச்சி. பத்தொன்பது வாங்கினால் அதே வகுப்பு, அதே பெஞ்சு, இன்னும் ஒரு வருஷம். படித்த பகுதியை மாடியில் திருத்திவிட்டுக் கட்டுகளைக் கீழே அனுப்புவார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கதைகள் மட்டும்.

ஒவ்வொரு கதையையும் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடுவது வழக்கம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் மதிப்பெண்ணை எழுதி, மடித்து, தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாலு வரை வித்தியாசம் இருந்தால் சராசரி எடுத்து மூடிவிடுவார்கள். நாலைத் தாண்டினால் இரண்டு பேரும் ஓரத்து மேஜைக்குப் போய், உட்கார்ந்து பேசி, ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் தலைமைத் தேர்வாளரின் அறை. விடைத்தாளில் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. திட்டும் கூடாது, பாராட்டும் கூடாது. நல்ல இடத்தில் ஓரமாக ஒரு டிக் போடலாம், அவ்வளவுதான். முதல் ஆளுக்குச் சிவப்பு மை, இரண்டாம் ஆளுக்குப் பச்சை.

பச்சை மைக்காரர் கத்திரி சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா, வாயில் நாலு வார்த்தை, அதற்கு மேல் செலவழிக்க மாட்டார். திங்கட்கிழமை முதல் கட்டு முடிந்து சீட்டுகளைப் பிரித்த உடனேயே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் பன்னிரண்டு போட்ட இடத்தில் எல்லாம் அவர் பத்து. சரி, வாங்க வந்தவர் குறைத்துக் கேட்கிறார் என்றால் விற்கிறவள் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதில் என்ன தப்பு? அடுத்த கட்டிலிருந்து, பன்னிரண்டு பெறும் என்று மனசுக்குப் பட்ட கதைக்குப் பதினான்கு எழுதினாள். அவர் பத்து எழுதினார். சராசரி பன்னிரண்டு. நியாயமான விலைக்குச் சரக்கு போனது. நாலு நாளில் ஒரு சீட்டுகூட ஓரத்து மேஜைக்குப் போகவில்லை. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலையும் அலுவலக உதவியாளரை எல்லாரும் கட்டு அக்கா என்பார்கள். அந்தக் கட்டு அக்காவே, இந்தக் கூடத்தில் சண்டை போடாத ஜோடி நீங்கள் ஒன்றுதான் என்று நற்சான்று கொடுத்திருந்தாள்.

இப்போது கையில் இருந்த தாளில்தான் கணக்கு இடித்தது.

கதைக்குக் கொடுத்த தலைப்பு, காணாமல் போன ஒன்று. காலையிலிருந்து நாற்பத்தொரு நாய்க்குட்டி காணாமல் போய், நாற்பத்தொன்றும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. இந்தத் தாளில் நாய்க்குட்டி இல்லை. வாசிக்கக் கொடுத்த அச்சுக் கதையில் வரும் குமாஸ்தா அம்மாவே இதிலும் வந்து நின்றாள்.

அந்த அச்சுக் கதை இதுதான். பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருட்களை வாங்கி வைக்கும் அறை. அங்கே ஒரு குமாஸ்தா அம்மா. ஒரு கிழவர் வாராவாரம் வந்து, தன் கறுப்புக் குடை கிடைத்ததா என்று கேட்கிறார். கிடைக்கவில்லை. ஒரு மழை நாளில் அந்த அம்மா ஒரு கறுப்புக் குடையை எடுத்து நீட்டுகிறாள். அவர் வாங்கிப் பார்த்து, ஆமாம் இதுதான் என்கிறார். அப்புறம் வருவதே இல்லை. அன்று சாயங்காலம் அவள் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறாள். கதை முடிந்தது. ஏழாம் கேள்வி, ஆறு மதிப்பெண்: அந்த அம்மா ஏன் அப்படிச் செய்தாள், அதனால் அவளுக்கு நேர்ந்தது என்ன? இரக்கத்தால் செய்தாள், மனநிம்மதி கிடைத்தது என்று எழுதினால் போதும் என்பது மேலிடத்து விடைக்குறிப்பு.

இந்தப் பிள்ளை அந்த அம்மாவின் பின்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. பையனா பெண்ணா தெரியாது. தாளில் எண் மட்டும்தான். வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. செத்துப்போன புருஷனின் குடை தொங்கிய ஆணி. இன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, குடை எங்கே, இப்படி நனைந்து வந்திருக்கிறாயே என்று கேட்கிறாள். உடையவர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்கிறாள் இவள். உன் அறையில் நாற்பது குடை கிடக்கிறதே, ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன என்கிறாள் அவள். அதெல்லாம் மற்றவர்களுடையது என்கிறாள் இவள்.

ஆங்கிலம் என்னவோ படுமோசம்தான். நேற்று நடந்தது நாளைக்குப் போயிருந்தது. குடை என்ற சொல்லையே மூன்று விதமாக எழுதி, மூன்றையும் தப்பாக எழுதியிருந்தது. ஆனால் பேரம் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அச்சுக் கதையை எடுத்து மறுபடி படித்தாள். இரண்டாவது பத்தியில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு வாக்கியம்: அம்மா காலையில் தன் குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கடைசியில் நனைந்துகொண்டு போகிறாள். அப்படியென்றால் கிழவருக்குக் கொடுத்தது அவள் சொந்தக் குடை. நாலு நாளாக இந்தக் கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அறுபது ஆசிரியர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அவள் கண்ணிலும்தான். துணியில் ஒரே ஓர் இழை ஓடியிருந்தால் தடவியே சொல்லிவிடுகிற குடும்பத்தில் பிறந்தவள். உள்ளே கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. வாசிக்கக் கொடுத்த கதையின் ஆட்களையோ சம்பவத்தையோ எடுத்து எழுதினால், எவ்வளவு நன்றாக இருந்தாலும், இருபதுக்கு ஐந்துக்கு மேல் கூடாது.

அவள் மேலட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாதுதான். ஆனால் ஒரு சரக்கைக் கையில் எடுத்தால் விலைச் சீட்டைப் பார்க்காமல் வைக்கிற பழக்கம் அவர்கள் வம்சத்திலேயே இல்லை. வாசிப்புக்குப் பதினொன்று. பதினொன்றும் ஐந்தும் பதினாறு. பிள்ளை அவுட்.

தேர்ச்சிக்குக் கதையில் ஒன்பது வேண்டும். அவள் ஒன்பது போட்டு, கத்திரி ஐந்து போட்டால், வித்தியாசம் நாலுதான், சராசரி ஏழு, சத்தமில்லாமல் தோல்வி. சத்தம் வந்தால்தான் பிழைக்கும். வாங்குகிறவர் கேட்டு மயங்கி விழுகிற அளவுக்கு விலை சொன்னால்தான் பேச்சு என்று ஒன்று தொடங்கும். சீட்டை எடுத்தாள். இருபது என்று எழுதி மடித்தாள். நாலு நாளில் யாருக்கும் இருபது போனதில்லை.

அரை மணி நேரத்தில் கட்டு அக்கா இரண்டு சீட்டையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஒரு பக்கம் இருபது, இன்னொரு பக்கம் முட்டை. ரெண்டு பேரும் ஒரே பேப்பரைத்தானே படிச்சீங்க?”

பேரம் டீச்சருக்குச் சுருக்கென்றது. ஐந்து என்றால் சட்டம் என்று விடலாம். முட்டையா? ஐந்துகூடக் கொடுக்க மனசில்லாத ஆளா இவர்? ஓரத்து மேஜைக்கு நடப்பதற்குள் பேச வேண்டியதை எல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டாள். முதலில் இனிப்பாகத் தொடங்குவது, நடுவில் எழுந்து போவதுபோல் ஒரு பாவனை, கடைசியில் உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதல்லவா என்று ஒரு போடு.

கத்திரி சார் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். மேஜையில் அச்சுக் கதை, இரண்டாவது பத்தி மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தது.

“சார், சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க,” என்று அவள் இனிப்பைத் திறந்தாள்.

“அந்தக் குடை அவங்க சொந்தக் குடை,” என்றார் அவர்.

அவள் இனிப்பை அப்படியே மூடினாள்.

“தெரிஞ்சேவா முட்டை போட்டீங்க?”

“தெரிஞ்சதாலதான். நீங்க மனசு கேக்காம ஏழு, எட்டு போடுவீங்க. நான் சட்டப்படி அஞ்சு. நடுவுல எடுத்து ஆறுன்னு மூடிடுவாங்க. யாரும் இதைத் திறந்தே பார்க்க மாட்டாங்க. நான் ஏத்த முடியாது, சட்டம் விடாது. இறக்கலாம். அதான் தரையில போட்டேன். சத்தம் வரட்டும்னு.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எதிராளியை அடிக்கக் கொண்டுவந்த ஆயுதம் எல்லாம் மடியில் கிடந்து கனத்தது.

“இருபது நான் அதுக்குத்தான் சார் போட்டேன்.”

“தெரியும். நாலு நாளா ரெண்டு ரெண்டா ஏத்திக்கிட்டுதானே வர்றீங்க.”

“நீங்க இறக்கினீங்க, அதனால நான் ஏத்தினேன்.”

“முதல் கட்டுல மட்டும்தாங்க கொஞ்சம் கை இறுக்கம். அதுக்கப்புறம் நீங்க ஏத்தினீங்க, அதனால நான் இறக்கினேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு நாளாக இரண்டு நியாயஸ்தர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பொய்யை இன்னொருவர் பொய்யால் நேராக்கிக்கொண்டு, கூடத்திலேயே ஒழுங்கான ஜோடி என்று பேர் வாங்கியிருக்கிறார்கள். கத்திரி சாரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது அவருடைய சிரிப்பு என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள்.

ஆனால் சத்தம் கிளப்பிவிட்டால் போதுமா? இரண்டு பேரும் ஒத்துப்போய் ஒன்பது என்று எழுதினாலும், ஐந்துக்கு மேல் போனதற்குத் தலைமைத் தேர்வாளர் காரணம் கேட்பார். அவர் எந்த ஒரு விஷயத்திலும் அரை மதிப்பெண்கூட அசைந்ததில்லை. பேரம் டீச்சர் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒரே விலை. அவரைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் பயம். பேரம் பேசாதவர்களிடம் எங்கே பிடித்துக்கொண்டு பேசுவது என்றே அவளுக்குப் புரிவதில்லை.

தாளை மேலும் கீழும் புரட்டினாள். முன்பக்கம் பார்த்தாயிற்று, இனிப் பின்பக்கம். மாடியில் திருத்தி முடித்த வாசிப்புப் பகுதிக்குப் போனாள். அவளுக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனாள். ஏழாம் கேள்விக்குக் கீழே எட்டு வரி இடம் காலியாகக் கிடந்தது. மாடிக்காரர் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு அடியில் மங்கலாக ஒரு வரி: இதை நான் என் கதையில் சொல்கிறேன்.

அவள் தாளைக் கத்திரி சார் பக்கமாகத் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்தாள். அவர் ஒரு நொடி பார்த்தார். உடனே திருத்துவோருக்கான விதிக் கையேட்டை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்தார். அவர் விரல் நின்ற இடத்தில் இப்படி இருந்தது: விடை தவறான இடத்தில் எழுதப்பட்டிருந்தாலும், எங்கே இருக்கிறதோ அங்கேயே படித்து மதிப்பெண் வழங்குக.

கதை என்று விற்றால் விலை போகாத சரக்கு. பதில் என்று விற்றால்? விலையோடு சண்டை எதற்கு, கடையை மாற்றினால் போதுமே. அவளுக்கு அண்ணன்மாரை அழைத்து இதைக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

தலைமைத் தேர்வாளர் அறையில் மேஜையைத் தவிர எல்லாவற்றின் மேலும் தாள் கட்டுகள் இருந்தன. மேஜை மேல் ஒரு பேனா மட்டும், ஊதா மை. அவர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. பேரம் டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். கத்திரி சார் பக்க எண்களைச் சொன்னார். தலைமைத் தேர்வாளர் ஏழாம் கேள்வியைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், அப்புறம் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக் கதையைப் படிக்கத் தொடங்கினார். மூன்று பக்கம்தான். ஒரு ரயிலுக்குக் காத்திருக்கிற நேரம் ஆயிற்று. அவள் மனசுக்குள் படிக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தேர்ச்சிக்கு நாலு வேண்டும். இவர் இரண்டு என்பார். நான் ஆறு என்பேன். மூன்று என்பார். கத்திரி இருமுவார். நாலில் நிற்கலாம்.

“இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்,” என்றார் அவர். “பதினெட்டுத் தடவை படிச்சிருக்கேன். மூலையில அந்தக் குடை இருந்தது எனக்குத் தெரியலை.” தாளை மூடிவிட்டு, “ஆறு,” என்றார்.

“ஆறுக்கு எவ்வளவு சார்?”

“ஆறுக்கு ஆறும்மா. நாங்க எழுதிவெச்ச விடையைவிட இது சரியான விடை.”

படிக்கட்டு முழுவதும் வீணாகப் போயிற்று. பதினொன்று பதினேழு ஆனது. ஐந்தையும் சேர்த்தால் இருபத்திரண்டு. பிள்ளை கரையேறிவிட்டது. அவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முழுவதும் வெளியே போவதற்குள் அடுத்தது உறைத்தது.

மதிப்பெண் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகத்தான் அச்சடிப்பார்கள். வாசிப்பு முப்பதுக்குப் பதினேழு. கதை எழுதுதல் இருபதுக்கு ஐந்து. அந்தப் பிள்ளை அதைக் கையில் வாங்கிப் பார்க்கும். நாய்க்குட்டிக்காரர்கள் எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வாங்கியிருப்பார்கள். எனக்குக் கதை வராது என்று முடிவு கட்டிவிட்டு, மூடிவைத்த அந்தப் பேனாவை மறுபடி திறக்காது.

அதையும் அவரிடம் சொன்னாள். இந்தத் தடவை படிக்கட்டு இல்லாமல் சொன்னாள். “நான் இருபது போட்டது பேரத்துக்கு சார். அதை விட்டுடுங்க. இதோட நிஜ மார்க் பதினாறு.”

“பதினேழு,” என்றார் கத்திரி சார்.

அவள் திரும்பி அவரையே பார்த்தாள். வாங்குகிறவர் விலையை ஏற்றிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் அச்சுக் கதையை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவார்கள் என்றும், போன வருஷம் ஒரே பள்ளியில் நாற்பது தாள் அப்படி வந்தது என்றும், இந்தப் பிள்ளைக்காகக் கதவைத் திறந்தால் அந்த நாற்பதையும் அவர் உள்ளே விட வேண்டி வரும் என்றும் சொன்னார். வாசிப்பில் கொடுத்தது சட்டத்தில் இருந்ததால் கொடுத்தது. கதையில் கொடுக்கச் சட்டத்தில் இல்லை.

“எனக்கும் ஆசைதாம்மா. அஞ்சு போடுங்க.”

சட்டப்படி முதல் ஆள்தான் எழுத வேண்டும். பேரம் டீச்சர் அந்த அறையிலேயே, கட்டுகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்து, சிவப்பு மையில் ஐந்து என்று எழுதினாள். வீட்டுக் கடையில் நஷ்டத்துக்குத் துணி போனதைப் பார்த்திருக்கிறாள். இப்படிக் கை கூசியதில்லை.

எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை.

“சார், பிள்ளைங்க கேட்டா விடைத்தாள் நகல் கொடுப்போம் இல்ல?”

“கேட்டா கொடுப்போம்.”

“ஓரத்துல டிக் போடலாம்.”

“போடலாம்.”

“எத்தனைன்னு கையேட்டுல இருக்கா?”

தலைமைத் தேர்வாளர் கத்திரி சாரைப் பார்த்தார். கையேட்டில் உள்ள எதற்கும் அவர்தான் ஆள். கத்திரி சார் இல்லை என்று தலையாட்டினார்.

அவள் முதல் பக்கத்துக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணிக்கு ஒரு டிக். ஈரத் துணியை நாற்காலி முதுகில் போட்டதற்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததற்கு ஒன்று. உடையவர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்ற வரிக்கு ஒன்று போட்டாள். போதாது என்று பட்டது. பக்கத்திலேயே இன்னொன்று போட்டாள். மூன்று பக்கமும் முடிந்தபோது இடது ஓரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. தாளைக் கத்திரி சாரிடம் நகர்த்தினாள். அவர் பச்சைப் பேனாவை எடுத்து, அவள் விட்ட இடமாகத் தேடித் தேடி வைத்தார். அவள் போட்ட இடங்களிலும் இரண்டொன்று வைத்தார். அந்த மனிதரிடம் அவ்வளவு மை இருந்தது யாருக்குத் தெரியும்?

“முடிஞ்சுதா?” என்றார் தலைமைத் தேர்வாளர். தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு வரும் வரி அது. பிள்ளை முதலில், அவள் அழுதாள் என்று எழுதியிருந்தது. அப்புறம் அதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில், அவள் தண்ணீர் சுட வைத்தாள் என்று எழுதியிருந்தது. அவர் ஊதாப் பேனாவைத் திறந்து, அடித்த அந்தக் கோட்டுக்கு நேராக ஒரு டிக் போட்டார். ஒன்றே ஒன்று.

“அடிச்ச வரிக்கு மார்க் கிடையாதே சார்,” என்றார் கத்திரி சார், வாய்ப் பழக்கத்தில்.

“மார்க் போட்டது யாரு?” என்று பேனாவை மூடினார் அவர்.

ஐந்து மணிக்குக் கட்டு அக்கா கூடத்தை மூட வந்தாள். கட்டில் சேர்ப்பதற்குமுன் ஒவ்வொரு தாளையும் புரட்டி மதிப்பெண் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இந்தத் தாளில் கை நின்றது. கீழே ஐந்தைப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள். மறுபடி ஐந்தைப் பார்த்தாள்.

“அஞ்சு மார்க் பேப்பருக்கு மூணு கலர்ல இத்தனை டிக்கா? டீச்சர், வாங்கிப் பார்க்கிற பிள்ளை வந்து என்னன்னு கேக்காது?”

“கேக்கட்டும்னுதான் அக்கா போட்டோம்,” என்றாள் பேரம் டீச்சர், கைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டே.

கட்டு அக்கா நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வெளியே கத்திரி சார் வாசல்படியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டது. கையில் குடை இருந்தது. பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்போல் நின்றார். அவள் பக்கத்தில் வந்ததும் விரித்து, முக்கால் பங்கை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“பாதி போதும் சார்,” என்றாள் அவள்.

“முக்கால்,” என்றார் அவர், இறங்கி வராமல்.